முழு ஒத்திகை

அண்ணனை வீட்டுக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்கத்தான் கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரியின் அந்த மேல்மாடிக்குப் போனார். "தாராளமா கூட்டிட்டுப் போகலாம்" என்றார்கள். அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். பெரிய கட்டடங்களில் ஒருவர் 'தாராளமாக' என்றால் அடுத்த வாக்கியம் 'ஆனால்' என்றுதான் தொடங்கும். கண்ணாடிக்காரருக்கு அது தெரியாது. வாடிக்கையாளர் அளவு சொன்னால் அந்த அளவுக்குக் கண்ணாடியை வெட்டித் தருவார். சொல்வது ஒன்று, நினைப்பது ஒன்று என்கிற சங்கதியெல்லாம் அவர் தொழிலில் கிடையாது.

அண்ணன் ஆயுள் முழுக்க டவுன் பஸ் ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஸ்டியரிங்கைப் பிடிச்ச கையை எடுக்கவே நேரமில்ல, இதுல கல்யாணம் வேறயா" என்பார். அப்பா போன பிறகு தம்பியைப் படிக்கவைத்துப் பார்த்தார். படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும் கண்ணாடிக் கடை வைத்துக் கொடுத்தார். தம்பி குடும்பத்தோடேயே கடைக்கு மேலே குடியிருந்துவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருடைய உலகம் தெருப்பக்கத்து ஜன்னல்தான். ஜன்னலுக்குக் கீழே ரோடு மேடேறும். எந்த பஸ்ஸானாலும் அங்கே வந்து கியரைக் குறைத்தாக வேண்டும். சத்தத்தை வைத்தே எந்த வண்டி, யார் ஓட்டுகிறார், வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். "கிளட்ச் போச்சு" என்பார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே.

இப்போது அவருடைய கல்லீரல் போய்விட்டது. பெரிய டாக்டர் கையை விரித்துவிட்டார். அண்ணன் அதைக் கேட்டு அழவும் இல்லை, ஆர்ப்பாட்டம் செய்யவும் இல்லை. தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்த ஜன்னல் பக்கத்துல என்னைப் போட்டுடு. நீ பக்கத்துல இரு. அவ்வளவுதான். ஒரு மனுஷன் சாகறதுக்கு இதுக்கு மேல என்னடா வேணும்?"

அதற்கு மேல் நிறைய வேண்டும் என்பது மேல்மாடிக்குப் போனபிறகுதான் தெரிந்தது.

அந்த மாடியில் 'இறுதி இடத் தேர்வுப் பிரிவு' இருந்தது. தரை முழுக்கக் கம்பளம். சுவரில் சூரியன் மறைகிற படங்கள், விதவிதமாக. நோயாளி யாரும் அந்த மாடிக்கு வந்தது கிடையாது. ஸ்ட்ரெச்சர் போகிற லிஃப்ட் அதற்குக் கீழ்மாடியோடு நின்றுவிடும். பிரிவுத் தலைவர் எழுந்து நின்று கண்ணாடிக்காரரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவேயில்லை. கண்ணாடிக்காரர் அந்தப் பிடியிலேயே நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது.

"எங்க பொறக்கணும்னு எந்த மனுஷனாலயும் முடிவு பண்ண முடியாது" என்றார் தலைவர். "எங்க சாகணும்னாவது அவன் முடிவு பண்ணட்டும். அதுக்குத்தான் இந்தப் பிரிவு. நோயாளியோட விருப்பம்தான் எங்களுக்கு உயிர். இந்தப் பிரிவு ஆரம்பிச்சதுலேருந்து ஒருத்தர்கூட எங்க சம்மதம் இல்லாத வீட்டுல செத்ததில்லைன்னா பாத்துக்குங்க."

"அப்ப எல்லாரும் வீட்டுக்குப் போயிடறாங்களா சார்?"

"போறதுக்குத் தயாராகறாங்க" என்றார் தலைவர், பெருமையோடு.

பிறகு 'ஆனால்' வந்தது. முன்பு ஒருமுறை ஒரு நோயாளியை அவசரப்பட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். கட்டில் வாசலில் நுழையவில்லையாம். கட்டிலை எப்படித் திருப்புவது என்று சொந்தக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் வாசற்படியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அது வீட்டில் சேருமா வெளியில் சேருமா என்று பிரிவுக்குள் இன்னும் அபிப்பிராய பேதம் இருக்கிறது. அன்றிலிருந்து ஒத்திகை பார்க்காமல் யாரையும் அனுப்புவதில்லை.

"ஒத்திகைன்னா?"

"உங்க அண்ணன் வீட்டுக்கு வர்றாரு, படுக்கிறாரு, கடைசி நாளைக் கழிக்கிறாரு. எல்லாம் சரியா நடக்குதான்னு ஒரு தடவை நடத்திப் பாத்துடுவோம்."

"அண்ணனைக் கூட்டிட்டுப் போனாலே அது தெரிஞ்சுடுமே சார்."

தலைவர் முகம் சுருங்கியது. "நோயாளியை வச்சு நாங்க சோதனை பண்றதில்லைங்க. அது மனிதாபிமானம் ஆகாது. அதுக்குன்னு பதிலி நோயாளி வச்சிருக்கோம்."

பதிலி நோயாளி என்பது அரசாங்கத்தில் சம்பளம் உள்ள உத்தியோகம். ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் அவரை ஒத்திகைக்காரர் என்று சொல்வார்கள். மறுநாளே அவர் வார்டுக்கு வந்துவிட்டார். நல்ல ஆகிருதி. கன்னம் இரண்டும் வேளை தவறாமல் சாப்பிடுகிறவருடைய கன்னம். அண்ணனின் கட்டில் ஓரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பணிவாக விசாரித்தார்.

"வலி எங்க ஆரம்பிக்குதுங்க? குத்துதா, பிசையுதா?"

"நீங்க டாக்டரா?" என்றார் அண்ணன்.

"இல்லைங்க. உங்களுக்குப் பதிலா சாகறவன்."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். அண்ணன் சிரிக்க ஆரம்பித்து, அது இருமலாகி, இருமல் அடங்கிய பிறகு சொன்னார்: "இப்படி ஒரு ஆள் இருக்காருன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டேனே."

ஒத்திகைக்காரருக்குக் கோபம் வரவில்லை. தொழிலில் பக்தி உள்ளவர். "சிறுநீரகம், நுரையீரல் ரெண்டும் நல்லா பண்ணுவேங்க. கல்லீரல் எனக்குக் கொஞ்சம் புதுசு. நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும்" என்றார்.

அண்ணன் சொல்லிக் கொடுத்தார். படுத்தபடியே முனகிக் காட்டினார். ஒத்திகைக்காரர் திருப்பி முனகினார். "அப்படி இல்லப்பா. எடுத்தவுடனே முனகக் கூடாது. முதல்ல மூச்சைப் பிடிச்சுக்கணும். மேட்டுக்கு முன்னாடி கியரைக் குறைக்கிற மாதிரி. ஆங், இப்ப முனகு." பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வலி உச்சத்துக்குப் போகும்போது என்ன சொல்வீர்கள் என்று ஒத்திகைக்காரர் கேட்டார். "கிளட்ச் போச்சும்பேன்" என்றார் அண்ணன். ஒத்திகைக்காரர் அதை உதட்டுக்குள் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவர் போன பிறகு அண்ணன் தம்பியிடம், "பொறுப்பான ஆளுடா. என்னைவிட நல்லா சாவான்" என்றார்.

முதல் ஒத்திகைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. ஆம்புலன்சிலிருந்து ஒத்திகைக்காரரை ஸ்ட்ரெச்சரில் வைத்து இறக்கினார்கள். கடைக்குப் பக்கத்திலேயே செங்குத்தான படிக்கட்டு. நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பின்னால் பிரிவின் மேற்பார்வையாளர் அம்மாள் ஏறினார். மாடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரரின் மனைவி வாயை அடக்கி வைக்கிற ரகம் இல்லை.

"ஏங்க, இவரை மேல ஏத்த நாலு ஆளு. சாயங்காலம் இவரே இறங்கி நடந்து போவாரு. மாமா இப்ப இருக்கிற இருப்புக்கு அவரை நானே தூக்கிட்டு வந்துடுவேன். அவரை அனுப்ப மாட்டேங்குறாங்க."

"நோயாளி முன்னாடி இப்படிப் பேசக் கூடாது" என்றார் மேற்பார்வையாளர்.

"நோயாளி ஆஸ்பத்திரியில இருக்காருங்க."

"இப்ப இவர்தான் நோயாளி. நீங்க இவரை மாமான்னுதான் கூப்பிடணும்."

ஒத்திகைக்காரரை ஜன்னலோரக் கட்டிலில் கிடத்தினார்கள். அண்ணனின் தலையணை. அண்ணனின் போர்வை. வெளியே மேட்டில் ஒரு பஸ் கனைத்துக்கொண்டு ஏறியது. வெயில் அளவாக விழுந்தது. கஞ்சி கொடுத்தார்கள்; இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக் குடித்தார். முனகவேண்டிய நேரத்தில் முனகினார். நடுவில் கீழே யாரோ கண்ணாடி கேட்டுக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்காரர் இறங்கிப் போய், "ஒத்திகை நடக்குதுங்க, அப்புறம் வாங்க" என்று சொல்லிவிட்டு ஏறி வந்தார். ஒத்திகைக்காரர் அதற்குள் அயர்ந்து தூங்கிவிட்டார். குறட்டைகூட வந்தது.

சாயங்காலம் மேற்பார்வையாளர் முடிவைப் படித்தார். ஒத்திகை தேறவில்லை. நோயாளி அளவுக்கு மீறி நன்றாகத் தூங்கினார். இப்படிப்பட்ட வீட்டில் நோயாளிக்கு உயிர் மேல் ஆசை வந்துவிடும் ஆபத்து இருக்கிறது. உறவினர் நோயாளியை விட்டு வியாபாரத்துக்குப் போனார். தம்பி மனைவி ஒருமுறை சிரித்தார். துக்கம்: முயற்சி தெரிகிறது, பயிற்சி தேவை.

கண்ணாடிக்காரர் வார்டுக்குப் போனபோது அண்ணன் கண் விழித்திருந்தார். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஊரிலிருந்து வந்தவனிடம் விசாரிப்பதுபோல் கேட்டார். கூடவே வந்திருந்த ஒத்திகைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மத்தியானம் ஒரு வண்டி ஏறுச்சுங்க. செகண்டு கியர் விழவே இல்ல. கரகரன்னு அரைச்சுது. அப்புறம் ஒரு உதறு உதறிட்டுக் கிளம்புச்சு."

அண்ணன் முகம் மலர்ந்தது. "பச்சை வண்டி. நான் ஓட்டின வண்டிதான். இன்னும் ரோட்டுலதான் விட்டுருக்காங்களா? படுபாவிங்க." அன்றைக்கு அவர் வலியென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடிக்காரருக்கு ஒருபக்கம் சந்தோஷம், ஒருபக்கம் வயிற்றெரிச்சல். அண்ணன் கேட்கவேண்டிய சத்தத்தை எவனோ ஒருவன் போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்கிறான், அதற்கு அவனுக்குச் சம்பளமும் உண்டு.

இரண்டாவது ஒத்திகைக்கு முன்னால் கண்ணாடிக்காரரும் மனைவியும் மேல்மாடியில் துக்கப் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். எப்போது நோயாளியின் கையைப் பிடிப்பது, பிடித்த கையை எவ்வளவு அழுத்துவது, அழும்போது எந்தப் பக்கம் திரும்புவது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். கண்ணாடிக்காரரின் மனைவிக்கு அழுகை வரவில்லை. வீட்டை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்து பதறினார். அந்தப் பதற்றத்தை நன்றாக இருக்கிறதென்று பாராட்டினார்கள்.

இரண்டாவது ஒத்திகையில் துக்கம் தேறியது. ஜன்னல் தேறவில்லை.

"இந்த இரைச்சல்ல ஒரு மனுஷன் எப்படி நிம்மதியா சாக முடியும்?" என்றார் மேற்பார்வையாளர். கையில் சத்தத்தை அளக்கிற கருவி வைத்திருந்தார். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அதன் முள் துள்ளியது.

"அந்தச் சத்தத்துக்காகத்தான் அண்ணன் வர்றேங்கறாரு" என்றார் கண்ணாடிக்காரர்.

"இருக்கலாம். அமைதிக்கு ஒரு அளவு இருக்கு. அதுக்கு மேல போனா அனுமதிக்க மாட்டோம்."

கண்ணாடிக்காரர் தலைவரிடமே போய் முறையிட்டார். தலைவர் மறுபடியும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நோயாளியோட விருப்பம் வேற, அவரோட நன்மை வேற. விருப்பத்தை நோயாளிகிட்டேயே விட்டுட்டோம். நன்மையை நாங்க பாத்துக்கறோம்" என்றார். பிறகு, "நீங்க கண்ணாடிக் கடைதானே? சத்தம் வராம ஒரு ஜன்னலை அடைக்கிறது உங்களுக்கு ஒரு வேலையா?" என்றார்.

வேலையே இல்லைதான். கடையிலிருந்த கனமான கண்ணாடியில் இரண்டு துண்டு வெட்டினார். மேஜையில் பரப்பி, கட்டரை ஒரே இழுப்பாக இழுத்து, விளிம்பில் தட்டினார். கண்ணாடி கோடு பிசகாமல் பிரிந்தது. இரண்டையும் ஜன்னலில் இடைவெளி விட்டுப் பொருத்தி, சுற்றிலும் ரப்பர் வைத்து அடைத்தார். எந்தப் பணக்காரர் வீட்டுக்கும் அவர் அவ்வளவு கச்சிதமாகச் செய்து கொடுத்தது கிடையாது. கடைசித் திருகாணியை முடுக்கும்போது கீழே ஒரு பஸ் ஏறிக்கொண்டிருந்தது. முடுக்கி முடித்ததும் சத்தம் நின்றுவிட்டது. பஸ் மட்டும் ஊமையாக ஏறிப் போனது. கண்ணாடிக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தன் கையாலேயே அண்ணன் காதை அடைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. அண்ணன் வீட்டுக்கு வந்து சேரட்டும், பெயர்த்து எறிந்துவிடலாம் என்று மனைவி சொன்னதும்தான் எழுந்தார்.

மூன்றாவது ஒத்திகையில் ஜன்னலும் தேறியது. அன்றைக்கு வார்டில் அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "இன்னைக்கு என்ன வண்டி போச்சு?"

கண்ணாடிக்காரர் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். அன்று முழுக்க அந்த அறையில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஒத்திகைக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூசாமல் சொன்னார்: "ரெண்டு மூணு புது வண்டி போச்சுங்க. அதுங்க சும்மா வழுக்கிட்டுப் போகுது. அப்புறம் உங்க பச்சை வண்டி வந்துச்சு. ஏற முடியாம நின்னுடுச்சு. டிரைவர் இறங்கி வந்து டயரை ஒரு உதை விட்டாருங்க."

"உதைச்சா ஏறும்" என்றார் அண்ணன், கண்ணை மூடிக்கொண்டு. "அதுக்கு அது பழக்கம்."

வெளியே வந்ததும் கண்ணாடிக்காரர் ஒத்திகைக்காரரின் தோளில் கை வைத்தார்.

எல்லாம் தேறிவிட்டதே, அழைத்துப் போகலாம் என்று மேல்மாடிக்கு ஓடினால் அங்கே தலைவர் வருத்தமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு வார்டிலிருந்து தகவல் போயிருந்தது.

"உங்க அண்ணன் நிலைமை மாறிடுச்சே" என்றார். "நாம தேறினது உட்கார்ந்து பேசற நோயாளிக்கு. இப்ப அவர் படுத்த படுக்கை. பேச்சும் குறைஞ்சுடுச்சு. அந்த நோயாளிக்கும் இந்த நோயாளிக்கும் சம்பந்தமே இல்லை."

"நீங்க லேட் பண்ணினதாலதானே சார் படுத்துட்டாரு."

"நாங்க லேட் பண்ணலை. நாங்க நிதானமா இருந்தோம். உங்க அண்ணன்தான் வேகமாப் போறாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கவலைப்படாதீங்க. நேரடியா முழு ஒத்திகையே வச்சுடலாம். சாவு வரைக்கும். அது தேறிட்டா மறுநாள் காலையில கூட்டிட்டுப் போகலாம். வெளியிலேருந்து ஒரு குழு நம்ம முறையைப் பாக்க வந்திருக்காங்க. அவங்களையும் கூட்டிட்டு வர்றேன். உங்க அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மரியாதை பாருங்க."

முழு ஒத்திகை அன்று காலையில் கண்ணாடிக்காரர் வார்டுக்குப் போனபோது அண்ணனின் மூச்சு வேறு மாதிரி இருந்தது. நர்ஸ் அவரை ஓரமாக அழைத்து, "இன்னைக்கு எங்கேயும் போகாதீங்க" என்றாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. கண்ணாடிக்காரர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகாவிட்டால் ஒத்திகை இல்லை. ஒத்திகை இல்லாவிட்டால் வீடு இல்லை. போனால், அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்?

அண்ணன் கண்ணைத் திறந்தார். "இன்னைக்குக் கடைசி ஒத்திகையா?"

"ஆமாண்ணே."

"நாளைக்குக் கூட்டிட்டுப் போயிடுவியா?"

"காலையிலேயே."

"அப்ப போயிட்டு வா. நான் எங்க போயிடப் போறேன்?" என்றவர், தம்பியின் கையைப் பிடித்து உடனே விட்டார். பிடிப்பில் பலம் இல்லை. "சீக்கிரம் வந்துடுடா."

வீட்டில் கூடத்தில் இருந்த நாற்காலி போதாமல் கடையிலிருந்தும் எடுத்து வந்து போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து வந்த குழு வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஒத்திகைக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று எல்லோருடைய செல்போனையும் மேற்பார்வையாளர் வாங்கி ஒரு தட்டில் போட்டுக் கடைக்கு அனுப்பிவிட்டார். தலைவர் கட்டிலின் தலைமாட்டில் நின்று குழுவிடம் விளக்கினார்.

"மத்த ஆஸ்பத்திரிகள்ல நோயாளி பாட்டுக்குச் செத்துப் போயிடறாரு. யார் எங்க எப்படி செத்தாங்கன்னு கேட்டா பதில் இல்லை. இங்க அப்படியில்லை. சாவு நடக்கறதுக்கு முன்னாடியே அதுல இருக்கிற குறையை எல்லாம் களைஞ்சுடறோம். கடைசியில மிச்சம் இருக்கிறது நோயாளி வர்றது ஒண்ணுதான்."

குழுவில் ஒருவர், இதுவரை எத்தனை நோயாளிகள் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். தலைவர், "நல்ல கேள்வி" என்று பாராட்டிவிட்டு டீ கொண்டுவரச் சொன்னார்.

கண்ணாடிக்காரர் பயிற்சியில் சொன்னபடி ஒத்திகைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சூடான, சதைப்பிடிப்பான கை. ஒத்திகைக்காரர் முனகுவதுபோல் தலையைத் திருப்பி, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"காலையில வார்டுக்குப் போயிட்டுத்தான் வந்தேங்க. அண்ணன் நிலைமை சரியில்லை. நான் சீக்கிரமா செத்துடறேன். நீங்க ஓடிடுங்க."

சொன்னபடியே செய்தார். மூச்சைப் பிடித்து, ஒரு முனகல் முனகி, "கிளட்ச் போச்சு" என்று சொல்லித் தலையைச் சாய்த்துவிட்டார். கண்ணாடிக்காரர் எழுந்தார்.

"உட்காருங்க" என்றார் மேற்பார்வையாளர். "இது என்ன சாவு? முன்னறிகுறி ஒண்ணையும் காட்டலை. குடும்பத்துக்கு மனசு தயாராக வேண்டாமா? மறுபடியும் முதல்லேருந்து."

ஒத்திகைக்காரர் உயிரோடு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். மறுபடி முனகினார். பாதி வழியில் டீ வந்தது. குழு குடித்து முடிக்கும்வரை அவரைக் கொஞ்சம் தேறியிருக்கச் சொன்னார்கள். தேறினார். பிறகு மோசமானார். இன்னொரு தரம் செத்தார். பின்வரிசைக்குச் சரியாகத் தெரியவில்லை என்று ஒரு முறையீடு வந்தது. நாற்காலிகளை நகர்த்திப் போட்டார்கள். அடைத்த ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் சத்தமில்லாமல் ஏறி இறங்கின. தலைவர் அந்த ஜன்னலைச் சுட்டிக்காட்டி, "இந்த அமைதி நாங்க கொண்டுவந்தது" என்றார்.

"அண்ணே, என்னை விட்டுடச் சொல்லுங்கண்ணே" என்று கண்ணாடிக்காரர் அழ ஆரம்பித்தார். யாரைக் கூப்பிடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஒத்திகைக்காரரின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். வாசற்படியில் நின்ற அவர் மனைவியும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். ஒத்திகைக்காரரின் மூடிய கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது. செத்துப்போன நோயாளி அழக்கூடாது என்பது விதி. மேற்பார்வையாளர் அதைக் கவனிக்கவில்லை. அவர் மற்ற இரண்டு பேருடைய துக்கத்துக்கு முழு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்.

குழு எழுந்து நின்று கைதட்டியது. "தேறியாச்சு" என்றார் தலைவர். "நாளைக்குக் காலையில வண்டி வரும்."

கண்ணாடிக்காரர் படிக்கட்டில் தாவி இறங்கி, தட்டிலிருந்து போனை எடுத்தார். வார்டிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தார்கள்.

அவர் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. அண்ணனைச் சுவரோரமாக ஒரு ஸ்ட்ரெச்சரில் வைத்து, முகம் வரை போர்த்தியிருந்தார்கள். நர்ஸ் அவரைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானான்னு கேட்டுட்டே இருந்தாரு. எனக்கு அந்தப் பக்கம் ஒரு அவசரம். திரும்பி வந்து பாத்தா..." என்றவள், "நான் போகாதீங்கன்னு சொன்னேனே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

பிரிவுத் தலைவர் துக்கம் விசாரிக்க முதல்முறையாக வார்டுக்கே இறங்கி வந்தார். கண்ணாடிக்காரரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சின்னச் சிக்கல் இருந்துது. சரிபண்ணிட்டோம்" என்றார். "உங்க அண்ணன் இன்னைக்கு ரெண்டு இடத்துல செத்திருக்காரு. ஒரு நோயாளிக்கு ஒரு சாவுதான் பதிவு பண்ண முடியும். இங்க நடந்தப்போ பக்கத்துல யாரும் இல்லை, எப்ப நடந்துதுன்னுகூடச் சரியாத் தெரியலை. வீட்டுல நடந்ததை எங்க மேற்பார்வையாளரே பாத்திருக்காங்க, வெளியிலேருந்து வந்த குழு வேற பாத்திருக்காங்க. அதனால அதைத்தான் ஏத்துக்கிட்டோம். உங்க அண்ணன் ஆசைப்பட்டபடியே வீட்டுல, அந்த ஜன்னல் பக்கத்துல, உங்க கையைப் பிடிச்சுட்டு இறந்திருக்காரு. நீங்க திருப்தியா இருக்கலாம்."

கண்ணாடிக்காரர் தன் கையை உருவிக்கொண்டார்.

"வீட்டுக்குக் கொண்டு போகணும்" என்றார். "அதுக்கு எத்தனை ஒத்திகை?"

"உடலுக்கா? உடல் எங்க பிரிவுல வராதுங்க. நீங்க பாட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்."

ஒரு கேள்வி இல்லை, ஒரு தடை இல்லை. அந்தி சாய்வதற்குள் வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஆள் யாரும் கூட வரவில்லை. ஒத்திகைக்காரர் மட்டும் வேலை முடிந்து, வீட்டுச் சட்டையோடு வந்து நின்றார். அவர் கால்மாட்டில் பிடித்தார், கண்ணாடிக்காரர் தலைமாட்டில் பிடித்தார். அண்ணனிடம் கனமே இல்லை. படிக்கட்டிலும் எங்கும் இடிக்கவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் கிடத்தினார்கள். கட்டிலில் இன்னும் ஒத்திகைக்காரர் படுத்திருந்த பள்ளம் இருந்தது. கண்ணாடிக்காரரின் மனைவி விரிப்பை இழுத்து அதைச் சமன் செய்தார்.

அறை நிசப்தமாக இருந்தது. மேற்பார்வையாளர் அளந்தால் சந்தோஷப்படும் நிசப்தம். கண்ணாடிக்காரர் கீழே போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தார். திருகாணிகளைக் கழற்றினார். ரப்பரைப் பிடித்து இழுத்தார். ஒரு கண்ணாடி நழுவித் தெருவில் விழுந்து நொறுங்கியது. அவர் வெட்டிய கண்ணாடி அப்படி உடைந்தது கிடையாது. இன்னொன்றை ஒத்திகைக்காரர் வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

தெரு உள்ளே வந்தது. மேட்டின் அடியிலிருந்து ஒரு வண்டி திணறிக்கொண்டு ஏறியது. ஜன்னலுக்கு நேர் கீழே வந்ததும் கியர் விழாமல் கரகரவென்று அரைத்தது. இரைந்தது. ஓர் உதறு உதறியது. கண்ணாடிக்காரர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் சொல்லவேண்டிய வார்த்தை வாசற்படியில் நின்ற ஒத்திகைக்காரருக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் குரலிலேயே சொல்ல வரும். அவர் வாயைத் திறக்கவில்லை. வண்டி மேடேறிப் போய்விட்டது.